வீர சந்திரசிங் கர்வாலி

பிழைப்பின் பொருட்டு வடபுலம் போந்த நாம், இம்மண்ணிற் பிறந்த பெருமக்களின் வரலாற்றையும் நம் மக்களுக்கு எடுத்துரைக்கக் கடமைப்பட்டுள்ளோம். அத்தகையோருள் ஒருவர் சந்திரசிங் கர்வாலி.

இமயச் சாரலிலுள்ள கர்வால் நாட்டில் 1891-ஆம் ஆண்டு எளிய குடியிற் பிறந்த இவர், 1914-இல் லான்ஸ்டவுன் நகரில் கர்வால் துப்பாக்கிப் படையிற் சேர்ந்தார். முதல் உலகப் போரில் பிரான்சிலும் மெசபொத்தேமியாவிலும் பணியாற்றினார். பின்னர் அவில்தாராக உயர்ந்தார்.

அந்நாளில் ஆங்கிலேயர் தம் இந்தியப் படையை மூவகையாகப் பகுத்திருந்தனர். எல்லையைக் காப்பது ஒன்று. போர்க்களம் செல்வது மற்றொன்று. உள்நாட்டுக் கிளர்ச்சியை அடக்குவது மூன்றாவது. சிவில் அதிகாரிகள் வேண்டியவுடன் கன்டோன்மென்டிலிருந்து பட்டாளம் வந்து நகரில் நிற்கும். ஓரினத்தாரை அடக்க வேற்றினத்தாரை ஏவுதலும் அவர்தம் தந்திரமே.

1930 ஏப்ரல் 23-இல் பெஷாவரில் தலைவர்கள் கைதாயினர். கிஸ்ஸா கவானிக் கடைவீதியில் திரண்ட நிராயுதபாணிகள் மீது குண்டுமாரி பொழியப்பட்டது, பலர் மாண்டனர். முஸ்லிம்களாகிய பட்டாணியரைச் சுட இந்துக்களாகிய கர்வாலியரை ஏவலாம் என அதிகாரிகள் எண்ணினர். ஆனால் சந்திரசிங்கும் தோழர்களும் சுட மறுத்தனர். இது மதச் சண்டையன்று, நாட்டின் விடுதலைப் போர் என்பதை அவர் முன்னரே தம் வீரர்க்கு உணர்த்தியிருந்தார் என்பர்.

படைக்கலங்கள் பறிக்கப்பட்டன. அபோட்டாபாத்தில் இராணுவ நீதிமன்றம் கூடியது. பாரிஸ்டர் முகுந்திலால் வாதாடினார். மரண தண்டனையே கிடைக்கக்கூடிய குற்றம் அது. சந்திரசிங்கிற்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது, சொத்தும் பறிமுதலாயிற்று. தோழர் பலரும் சிறை புகுந்தனர்.

காந்தியடிகளோ இச்செயலை ஏற்க மறுத்தார். பிரமாணம் செய்த சிப்பாய் கட்டளையை மீறினால், நாளை நம் அரசும் அவனை நம்புவது எங்ஙனம் என்பது அவர் கவலை. அதனை நாம் எளிதில் ஒதுக்கிவிட இயலாது. ஆயினும் சந்திரசிங் துப்பாக்கியை மேலதிகாரியின்பால் திருப்பவில்லை, ஓடி ஒளியவுமில்லை. மறுத்தார், மறுத்ததன் பயனைத் தாமே சுமந்தார்.

1941-இல் விடுதலையானவர், மறு ஆண்டே ஆகஸ்டுப் போராட்டத்தில் மீண்டும் சிறை ஏகினார். பின்னர்ப் பொதுவுடைமைக் கட்சியில் உழைத்து, 1979 அக்டோபர் 1-இல் மறைந்தார். 1994-இல் இந்திய அரசு அவர் உருவப்படத்துடன் அஞ்சல்தலை வெளியிட்டது.

அலுவலகத்திலும் பட்டாளத்திலும் கட்டளைக்குப் பணிந்து ஊதியம் பெறும் குடும்பங்கள் நம்முள் பல. பணிவு நற்பண்பே. எனினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு என்பதையும், அவ்வெல்லையில் நிற்போன் தண்டனைக்கும் அஞ்சலாகாது என்பதையும் நம் இளைஞர் இவ்வீரர்பால் கற்பாராக.