சி.ஆர்.பி. என்னும் எண்ணும் தாமஸ் ஃபிரான்சிஸின் வாழ்வும்

வைரஸ் காய்ச்சல் முற்றி நிமோனியாவாகிய நோயாளியின் இரத்தப் பரிசோதனை அறிக்கையில் சி.ஆர்.பி. என்ற வரி பெரும்பாலும் இடம்பெறுகிறது. அந்த எண் உயர்ந்திருந்தால் குடும்பத்தினர் நிலைகுலைந்து போகின்றனர். குறைவாக இருந்தால், மூச்சு வாங்குவதையும் பொருட்படுத்தாமல் வீட்டிலேயே இருந்துவிடுகின்றனர். இவ்விரண்டும் ஆபத்தானவை, இவற்றுள் இரண்டாவது உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடியது. அந்த எண் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை அறிந்துகொள்ள, அதன் கண்டுபிடிப்பில் பங்குபெற்ற அமெரிக்க மருத்துவ அறிஞர் தாமஸ் ஃபிரான்சிஸின் வாழ்க்கை வரலாறு துணைபுரியும்.

இளமையும் கல்வியும்

தாமஸ் ஃபிரான்சிஸ் 1900 ஆம் ஆண்டு ஜூலை 15 அன்று இந்தியானா மாநிலத்தின் கேஸ் சிட்டி என்னும் சிற்றூரில் பிறந்தார். பென்சில்வேனியா மாநிலத்தின் நியூ காசில் நகரில் வளர்ந்தார். அவருக்கு 18 வயதானபோது இன்ஃப்ளூயன்சா பெருந்தொற்று உலகெங்கும் பரவியது. அதில் உயிரிழந்தோருள் மிகப் பலர் நிமோனியாவால் இறந்தனர். திடகாத்திரமான இளைஞர்களும் அவர்களுள் அடங்குவர். நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ் என்பது அன்று நிறுவப்படவில்லை.

ஃபிரான்சிஸ் 1921 இல் அலகெனி கல்லூரியில் பட்டம் பெற்றார். 1925 இல் யேல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் நியூயார்க் நகரிலிருந்த ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிறுவனத்தின் மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கு ஆஸ்வால்ட் ஏவரி தலைமையில் நிமோனியா ஆய்வு நடைபெற்று வந்தது. நியூமோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவால் உண்டாகும் நிமோனியா அக்காலத்தில் பெரும் உயிர்க்கொல்லியாக விளங்கியது. பென்சிலின் இன்னும் மருத்துவப் பயன்பாட்டுக்கு வரவில்லை. நோயாளி பிழைப்பாரா என்பதை, காய்ச்சல் இறங்கும் நாள்வரை காத்திருந்தே அறிய வேண்டியிருந்தது.

1930: எதிர்பாராத ஒரு மாற்றம்

ஃபிரான்சிஸும் அவருடன் பணியாற்றிய வில்லியம் டில்லட்டும் நியூமோகாக்கஸ் கிருமியிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளை நோயாளிகளின் இரத்தச் சீரத்துடன் கலந்து ஆராய்ந்தனர். அப்பொருளுக்கு சி என்னும் எழுத்தைப் பெயராக இட்டிருந்தனர். கடும் நோயில் இருந்தவர்களின் சீரத்தில் அது வீழ்படிவாகத் திரண்டது. அவர்கள் நலம்பெற்ற பின் எடுத்த சீரத்தில் அவ்வாறு திரளவில்லை.

வழக்கமாக, கிருமிக்கு எதிரான எதிர்ப்புப் புரதங்கள் நோய் தணியும் வேளையில்தான் இரத்தத்தில் பெருகும். இங்கே நடந்தது அதற்கு நேர்மாறானது. நோய் உச்சத்தில் இருக்கும்போது தோன்றி, நோய் தணியும்போது மறையும் ஏதோ ஒன்று இரத்தத்தில் இருந்தது. 1930 இல் இருவரும் இதனை ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டனர். நியூமோகாக்கஸ் தொற்றே இல்லாத வேறு சில கடும் நோய்களிலும் இதே மாற்றம் தென்பட்டது. ஆகவே அது குறிப்பிட்ட கிருமியின் அடையாளம் அன்று; உடலில் எழுந்த அழற்சியின் அடையாளம்.

பின்னர் ஏவரியின் குழுவினர் அது ஒரு புரதம் என நிறுவினர். சி என்னும் பொருளுடன் வினைபுரிவதால் அதற்கு சி-ரியாக்டிவ் புரதம் என்ற பெயர் அமைந்தது. அதன் சுருக்கமே சி.ஆர்.பி. ஆகும்.

இப்புரதத்தை உருவாக்குவது கல்லீரல். நுரையீரலிலோ வேறு உறுப்பிலோ அழற்சி எழும்போது, இன்டர்லூகின்-6 என்னும் வேதித்தூது கல்லீரலைத் தூண்டுகிறது. சில மணி நேரத்தில் சி.ஆர்.பி. உயரத் தொடங்கி, ஏறத்தாழ இரண்டு நாள்களில் உச்சத்தை அடைகிறது. தூண்டுதல் நின்றால், ஏறக்குறைய 19 மணி நேரத்திற்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. இவ்வாறு விரைவாக ஏறி இறங்குவதால்தான் மருத்துவர்கள் இதனை மீண்டும் மீண்டும் பார்க்கின்றனர்.

வைரஸை நோக்கி

ஃபிரான்சிஸ் அதன்பின் இன்ஃப்ளூயன்சா ஆய்வில் ஈடுபட்டார். 1933 இல் இங்கிலாந்து அறிஞர்கள் மனிதரிடமிருந்து அவ்வைரஸைப் பிரித்தெடுத்தனர். 1934 இல் அமெரிக்காவில் அதனை முதன்முதலாகப் பிரித்தெடுத்தவர் ஃபிரான்சிஸ். புவேர்ட்டோ ரிக்கோ தீவில் பரவிய நோயிலிருந்து கிடைத்த அவ்வைரஸ் வகை இன்றும் ஆய்வகங்களில் பயன்படுகிறது. முந்தைய வகையினின்றும் வேறுபட்ட இன்ஃப்ளூயன்சா பி வைரஸை அவர் 1940 இல் அறிவித்தார்.

1941 இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதாரப் பள்ளியில் பொறுப்பேற்றார். அமெரிக்க இராணுவத்தின் இன்ஃப்ளூயன்சா ஆணையத்திற்கும் தலைமை தாங்கினார். அவரிடம் பயிற்சி பெற்ற இளம் மருத்துவர்களுள் ஜோனஸ் சால்க் ஒருவர். செயலிழக்கச் செய்த வைரஸால் ஆன இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி 1943 இல் படைவீரர்களிடம் சோதிக்கப்பட்டு நற்பயன் தந்தது. ஆனால் 1947 இல் பரவிய நோயின்போது அதே தடுப்பூசி பாதுகாப்பளிக்கவில்லை, வைரஸ் மாறியிருந்தது. தம் குழுவினர் உருவாக்கிய தடுப்பூசி பயனற்றுப் போனதை ஃபிரான்சிஸும் சால்க்கும் மறைக்காமல் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டனர்.

1954: ஒப்பீட்டின் மீது உறுதி

சால்க் உருவாக்கிய போலியோ தடுப்பூசியை மதிப்பிடும் பொறுப்பு ஃபிரான்சிஸிடம் வந்தது. தடுப்பூசி பெற்ற குழந்தைகளை மட்டும் பார்த்து முடிவு கூறுவதை அவர் ஏற்கவில்லை. ஒரு பகுதியினருக்கு மருந்தற்ற ஊசி போடப்பட வேண்டும் என்றும், யாருக்கு எது போடப்பட்டது என்பது மருத்துவருக்கும் பெற்றோருக்கும் தெரியலாகாது என்றும் வலியுறுத்தினார். ஏறத்தாழ 18 இலட்சம் குழந்தைகள் பங்குபெற்ற அச்சோதனையில், பல பகுதிகளில் இம்முறை பின்பற்றப்பட்டது. 1955 ஏப்ரல் 12 அன்று, தடுப்பூசி பாதுகாப்பானது, பயனுடையது என்ற முடிவை ஆன் ஆர்பர் நகரில் அறிவித்தார். 1969 அக்டோபர் 1 அன்று அதே நகரில் காலமானார்.

மீண்டும் நோயாளியின் படுக்கையருகே

அவர் மறைந்து அரை நூற்றாண்டு கழிந்த பின் கோவிட்-19 பரவியது. அனுமதிக்கப்படும்போது சி.ஆர்.பி. மிகுதியாக இருந்தவர்களுக்கு நோய் கடுமையாகும் வாய்ப்பும் மிகுதி என்பது பல நாடுகளில் தெரியவந்தது. ஆயினும் அந்த எண்ணைக் கொண்டு சிகிச்சையைத் தேர்ந்தால் உயிர் காக்கப்படுமா என்பதை அறிய, ஃபிரான்சிஸ் வலியுறுத்தியதைப் போன்ற ஒப்பீட்டுச் சோதனை தேவைப்பட்டது.

பிரிட்டனில் நடைபெற்ற ரெக்கவரி சோதனையில், இரத்த ஆக்சிஜன் அளவு குறைந்தும், சி.ஆர்.பி. லிட்டருக்கு 75 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் உயர்ந்தும் இருந்த 4,116 பேர் சேர்க்கப்பட்டனர். இன்டர்லூகின்-6 இன் செயலைத் தடுக்கும் டோசிலிசுமாப் மருந்து பெற்றோருள் 28 நாள்களில் 31 விழுக்காட்டினர் இறந்தனர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோருள் 35 விழுக்காட்டினர் இறந்தனர். இங்கே சி.ஆர்.பி. தனித்து முடிவு செய்யவில்லை. ஆக்சிஜன் குறைவு என்னும் உடல்நிலைச் சான்றும் உடனிருந்தது.

நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

• அலகைக் கவனிக்கவும். சில ஆய்வகங்கள் லிட்டருக்கு மில்லிகிராம் என்றும், சில டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்றும் குறிப்பிடுகின்றன. பின்னதில் 8 என்பது முன்னதில் 80 ஆகும். அலகை நோக்காமல் இரு அறிக்கைகளை ஒப்பிடுதல் கூடாது.

• ஒரு நாளின் எண்ணைவிட அடுத்தடுத்த நாள்களின் போக்கே முதன்மையானது. சிகிச்சை தொடங்கிய பின்னும் சி.ஆர்.பி. ஏறிக்கொண்டே சென்றால் மருத்துவர் காரணத்தைத் தேடுவார்.

• சி.ஆர்.பி. உயர்வு மட்டும் நோய் வைரஸால் வந்ததா, பாக்டீரியாவால் வந்ததா என்று உறுதிசெய்யாது. மூட்டு அழற்சி நோய்கள், அறுவை சிகிச்சை, உடற்பருமன் ஆகியவற்றிலும் அது உயர்ந்திருக்கலாம். எண்ணைக் கண்டு தாமாகவே ஆன்டிபயாடிக் அல்லது ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி உட்கொள்ளுதல் கூடாது. கோவிட்-19 இல் டெக்ஸாமெதசோன் ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களுக்கே பயன் தந்தது. தேவைப்படாதவர்களுக்குப் பயன் தரவில்லை.

• குறைந்த சி.ஆர்.பி. பாதுகாப்புச் சான்றிதழ் அன்று. நோயின் முதல் நாள்களில் அது உயராமல் இருக்கலாம். டோசிலிசுமாப் பெற்றவர்களுக்குப் புதிய தொற்று இருந்தாலும் எண் தாழ்ந்தே இருக்கலாம்.

• ஃபெரிட்டின், டி-டைமர், எல்.டி.எச்., லிம்போசைட் எண்ணிக்கை ஆகியவையும் இவ்வாறே. இவை வயது, உடன் இருக்கும் நோய்கள், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு ஆகியவற்றுடன் சேர்த்துப் பார்க்கப்பட வேண்டியவை.

நோயாளிக்கு மூச்சுத்திணறல், ஓய்வில் இருக்கும்போதும் 94 விழுக்காட்டிற்குக் குறைவான ஆக்சிஜன் அளவு, உதடு நீலம் பாய்தல், மனக்குழப்பம், நீங்காத நெஞ்சு வலி ஆகியவற்றுள் எது காணப்பட்டாலும், இரத்தப் பரிசோதனை அறிக்கைக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும். முந்தைய அறிக்கைகள் அனைத்தையும் தேதி வரிசைப்படி உடன் கொண்டு செல்வது, நோய் செல்லும் திசையை மருத்துவர் விரைந்து அறிய உதவும்.