எஞ்சினியர் ஆகாமல் போன லூ கெரிக்

மகன் எஞ்சினியர் ஆகணும். இது நம்ம ஊர் வீடுகளில் மட்டும் கேட்கிற ஆசைன்னு நினைச்சுட்டு இருந்தேன். நூறு வருஷத்துக்கு முன்னாடி, நியூயார்க்கில் அடுத்தவங்களுக்குச் சமைத்து, துணி துவைத்துப் பிழைத்த ஒரு ஜெர்மானிய அம்மாவுக்கும் இதே ஆசைதான். மகன் எஞ்சினியரிங் சேர்ந்தான். இரண்டே வருஷத்தில் விட்டுட்டான். அவன் பேர் லூ கெரிக். அமெரிக்க பேஸ்பால் சரித்திரத்தில் மறக்க முடியாத பேர்களில் ஒன்று.

இவரைப் பத்தி ஏன் எழுதுறேன்னு முதலில் சொல்லிடுறேன். போன செமஸ்டரில், ஹாஸ்டலில் ஒரு ஜூனியர் எங்க ரூமுக்கு வந்தான். நல்லா விளையாடுவான். வெளியே காசு வாங்கி ஆட ஒரு வாய்ப்பு வந்திருக்கு. அட்டெண்டன்ஸ் ஏற்கெனவே குறைவு. காலேஜை விட்டுட்டுப் போகலாமான்னு கேட்டான். ஃபைனல் இயர் அண்ணன்கள் என்ற கெத்தில் நாங்க எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னோம்: டிகிரியை முடி, அப்புறம் ஆடு. யோசிக்க ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கல. அதற்கப்புறம் கெரிக்கோட வாழ்க்கையைப் படித்தேன். நாங்க சொன்ன பதில் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா அரைகுறை பதில்.

அமெரிக்காவில் இது வருஷா வருஷம் நடக்கிற விவாதம். அங்கே காலேஜ் விளையாட்டு என்பது பெரிய விஷயம். ஆயிரக்கணக்கான பேர் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார்கள். காலேஜில் ஸ்டாராக இருக்கிற பையன் படிப்பை முடிக்கும்வரை காத்திருக்கணுமா, இல்ல கான்ட்ராக்ட் வந்ததும் கிளம்பிடலாமா? இந்தக் கேள்வி 1923-இல் லூ கெரிக் முன்னாடியும் வந்து நின்றது.

வீடு

லூ பிறந்தது 1903 ஜூன் 19, நியூயார்க்கில். அப்பா ஹைன்ரிக், அம்மா கிறிஸ்டினா. இரண்டு பேரும் ஜெர்மனியில் இருந்து வந்தவர்கள். பிறந்த நாலு குழந்தைகளில் தங்கியது லூ மட்டும்தான். அப்பா தகர வேலை தெரிந்தவர். ஆனா உடம்பு சரியில்லாமலும் குடியாலும் அவருக்கு வேலை நிலைக்கவில்லை. குடும்பத்தைத் தாங்கியது அம்மாவோட இரண்டு கைகள்தான். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் சேர்ந்து தங்குகிற ஒரு விடுதியில் சமையல் வேலை பார்த்தாங்க. பையன் அங்கே போய்ப் பரிமாறி, தட்டு எடுத்து உதவி செய்வான்.

1920 ஜூனில், லூ படித்த நியூயார்க் காமர்ஸ் ஹைஸ்கூல் டீம், சிகாகோவில் லேன் டெக் என்ற பள்ளியோடு மோதியது. பத்தாயிரம் பேருக்கு மேல் கூட்டம். கடைசி இன்னிங்ஸில் மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது லூ அடித்த பந்து மைதானத்தையே தாண்டிப் போச்சு. கிரிக்கெட்டில் சிக்ஸர் மாதிரி இதை ஹோம் ரன் என்பார்கள். ஒரே அடியில் நாலு ரன். அப்போ லூவுக்கு 17 வயசு. பெரிய பெரிய பேஸ்பால் டீம்களே ஆடுகிற மைதானத்தில் ஒரு ஸ்கூல் பையன் அடித்த அடி அது. மறுநாள் பேப்பரில் பேர் வந்துடுச்சு.

அடுத்த வருஷம், சின்ன வயசில் தட்டு எடுத்த அதே கொலம்பியாவில் மாணவனாகச் சேர்ந்தான். கிடைத்தது ஃபுட்பால் ஸ்காலர்ஷிப் (அமெரிக்க ஃபுட்பால், நம்ம கால்பந்து இல்ல). எடுத்தது எஞ்சினியரிங். அம்மாவோட கனவு பாதி பலித்த மாதிரி.

பன்னிரண்டு மேட்ச்

காலேஜ் தொடங்குவதற்கு முன்னாடியே ஒரு தப்பு நடந்தது. நியூயார்க் ஜயன்ட்ஸ் டீமின் மேனேஜர் ஜான் மெக்ரா அப்போ பேஸ்பாலில் பெரிய கை. கோடை லீவில் ஹார்ட்ஃபோர்ட் என்ற ஊரின் டீமுக்குக் காசு வாங்கி ஆடு, வேற பேரில் ஆடினால் யாருக்கும் தெரியாது என்று பையனுக்கு யோசனை சொன்னார். லூயிஸ் என்ற பொய்ப் பேரில் 12 மேட்ச் ஆடினான். விஷயம் வெளியே வந்துடுச்சு. காசு வாங்கி ஆடியவன் காலேஜுக்காக ஆடக் கூடாது என்பது அன்றைய சட்டம். முதல் வருஷம் முழுக்க எந்த காலேஜ் டீமிலும் ஆடத் தடை.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்கணும். லூ விளையாடுவதைப் பார்க்க ஜனம் வரும். ஆனா அந்த விளையாட்டில் இருந்து ஒரு டாலர் லூ வீட்டுக்குப் போகக் கூடாது. அம்மா மட்டும் அடுப்படியில் நின்றுகொண்டே இருக்கலாம். படிப்பா, தொழிலா என்ற கேள்வியை நாம் சுலபமாகக் கேட்டுடுறோம். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாதபடி நடுவில் சுவர் கட்டியது யார்னு கேட்க மாட்டோம்.

தடை முடிந்து 1922-இல் ஃபுட்பால், 1923-இல் பேஸ்பால். 1923 ஏப்ரல் 18 அன்று நியூயார்க்கில் இரண்டு விஷயம் நடந்தது. யாங்கீஸ் டீமின் புது ஸ்டேடியம் திறந்தாங்க, பேப் ரூத் அங்கே முதல் ஹோம் ரன் அடித்தார். அதே நாளில் கொலம்பியா மைதானத்தில் லூ பந்து வீசி வில்லியம்ஸ் காலேஜின் 17 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தான். ஆனாலும் மேட்ச் தோற்றுப் போச்சு. ஆள் தேடி அலைகிற யாங்கீஸ் ஸ்கவுட் பால் கிரிச்செலுக்கு அந்தப் பந்துவீச்சு பெரிதாகப் படவில்லை. அவர் கண்ணில் பட்டது பையனோட பேட்டிங். சில நாளிலேயே கான்ட்ராக்ட் மேஜைக்கு வந்தது. கையெழுத்துப் போட்டால் 1,500 டாலர்.

அந்தச் சமயம் பார்த்து வீட்டில் உடம்பு சரியில்லை. அம்மா படுத்துட்டா அந்த வீட்டில் சம்பாதிக்க ஆளே இல்ல. டாக்டர் செலவு வேற. 19 வயசுப் பையன் கையெழுத்துப் போட்டான். எஞ்சினியரிங் அதோடு முடிந்தது.

காத்திருந்தால்?

இப்போ நாங்க ஜூனியருக்குச் சொன்ன அறிவுரையை லூவுக்குச் சொல்லிப் பார்ப்போம். டிகிரியை முடி, அப்புறம் ஆடு.

கையெழுத்துப் போட்ட லூ அடுத்த நாளே ஸ்டார் ஆகிடவில்லை. 1923, 1924 இரண்டு வருஷத்தில் பெரும்பகுதியை யாங்கீஸ் அவரை அனுப்பி வைத்தது அதே ஹார்ட்ஃபோர்டுக்குத்தான். இந்த முறை சொந்தப் பேரில். அங்கே சொதப்பி, மனசு உடைந்து, திருத்திக்கொண்டு, 1924-இல் 37 ஹோம் ரன் அடித்தார். யாங்கீஸில் நிரந்தர இடம் கிடைத்தது 1925 ஜூன் முதல் வாரம். ஜூன் 1 அன்று வேறொருத்தருக்குப் பதிலாக பேட் பிடித்தார். மறுநாள் வாலி பிப் என்ற சீனியரின் இடத்தில் ஃபர்ஸ்ட் பேஸில் இறங்கினார். அந்த இடத்தை அப்புறம் 14 வருஷம் யாருக்கும் விடவில்லை.

தேதியைக் கவனியுங்க. 1921-இல் சேர்ந்தவன் நாலு வருஷம் ஒழுங்காகப் படித்திருந்தால் எப்போ பட்டம் வாங்குவான்? 1925 கோடையில். லூவோட பேட்ச் பட்டம் வாங்குகிற சமயத்தில்தான் லூவுக்கும் வேலை நிரந்தரம் ஆச்சு. அப்போ வயசு 21. இதை எழுதுகிற எனக்கும் அதே வயசுதான்.

இதைப் பார்த்ததும் முதலில் எங்க கட்சி ஜெயிச்ச மாதிரி இருந்தது. எப்படியும் 1925-இல்தானே இடம் கிடைத்தது, டிகிரியையும் முடித்திருக்கலாமே! ஆனா கணக்கு அப்படி இல்ல. ஹார்ட்ஃபோர்டில் போன இரண்டு வருஷம் வீண் இல்ல. அதுதான் லூவோட இன்னொரு காலேஜ். படிப்பை முடித்துவிட்டு அங்கே போயிருந்தால் யாங்கீஸுக்கு வந்து சேர 1927 ஆகியிருக்கும். அந்த 1927-இல்தான் அவர் .373 சராசரியில் 47 ஹோம் ரன் அடித்து லீகின் மிகச் சிறந்த வீரர் ஆனார். அதைவிட முக்கியம், காத்திருந்த இரண்டு வருஷமும் டாக்டர் பில்லை யார் கட்டியிருப்பாங்க? எங்க அறிவுரையில் அதுக்குப் பதிலே இல்ல.

காத்திருந்து ஜெயித்தவரும் உண்டு. அதே கொலம்பியாவில் லூவுக்கு முன்னாடி படித்தவர் எடி காலின்ஸ். அவரும் கோடையில் காசு வாங்கி ஆடி மாட்டிக்கொண்டவர்தான். பொய்ப் பேரில் பெரிய லீகிலும் ஆடினார். கடைசி வருஷம் காலேஜ் டீமில் ஆட விடவில்லை. ஆனாலும் இருந்து 1907-இல் பட்டம் வாங்கிவிட்டுத்தான் போனார். அப்புறம் 1930 வரை ஆடி, பேஸ்பாலின் மகத்தான வீரர்களில் ஒருத்தர் ஆனார். அவர் அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. மாசாமாசம் சம்பளம் வருகிற வீட்டில் இருந்து வந்தவர் காத்திருக்கலாம். எடிக்கு லூவைவிடப் பொறுமை அதிகம்னு நான் நினைக்கல. லூவைவிட நேரம் அதிகம், அவ்வளவுதான்.

2,130

அதற்கப்புறம் நடந்தது எல்லாம் சாதனைதான். 1925 ஜூனில் இருந்து 1939 ஏப்ரல் வரை ஒரு மேட்ச்கூட விடாமல் தொடர்ந்து 2,130 மேட்ச். விரல் உடைந்தாலும், இடுப்பு பிடித்தாலும் வந்து நின்றார். 1932 ஜூன் 3 அன்று ஒரே மேட்சில் நாலு ஹோம் ரன். 1934-இல் சராசரி, ஹோம் ரன், ரன் எடுக்க வைத்தது மூன்றிலும் லீகில் முதல் இடம். மொத்தம் 493 ஹோம் ரன், ஆறு முறை உலக சாம்பியன் பட்டம். தொடர்ந்து ஆடிய அந்தக் கணக்கை 1995-இல் கால் ரிப்கன் ஜூனியர் தாண்டும்வரை 56 வருஷம் யாராலும் தொட முடியவில்லை.

1938-இல் ஆட்டம் கொஞ்சம் இறங்கியது. 1939-இல் சாதாரணப் பந்தைக்கூடப் பிடிக்க முடியவில்லை. மே 2 அன்று டெட்ராய்ட்டில் தானே மேனேஜரிடம் போய், தன்னை டீமில் இருந்து எடுத்துடச் சொன்னார். ஜூனில் மேயோ கிளினிக்கில் பரிசோதனை. சரியாக 36-வது பிறந்த நாளில் முடிவு வந்தது: ஏஎல்எஸ். தசைகளை இயக்குகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப் போகிற நோய். ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு வந்ததும் இதுதான். 2014-இல் ஐஸ் பக்கெட் சேலஞ்ச்னு தலையில் தண்ணி ஊற்றிக்கொண்டோமே, அதுவும் இந்த நோய்க்காகத்தான். அமெரிக்காவில் இன்னைக்கும் இதை லூ கெரிக் நோய்னு அவர் பேராலேயே சொல்கிறார்கள்.

நாங்க டிகிரியை முடின்னு சொல்லும்போது மனசில் வைத்திருந்தது இந்த மாதிரி நாளைத்தான். நாளைக்கே அடிபட்டால் என்ன செய்வே? லூவுக்கு அந்த நாள் வந்தது. நியூயார்க் மேயர் லாகார்டியா அவரைக் கூப்பிட்டு, சிறைக் கைதிகளைப் பரோலில் விடுவதை முடிவு செய்கிற கமிஷனில் பத்து வருஷப் பதவி கொடுத்தார். ஒரு சீசனுக்கு 39,000 டாலர் வரை வாங்கியவருக்கு வருஷம் 5,700 டாலர் சம்பளம். 1940 தொடக்கத்தில் சேர்ந்து, கையெழுத்துப் போடக் கை ஒத்துழைக்காத நிலை வந்த பிறகும் விடாமல் வேலை பார்த்தார். ஆனா எல்லா லூவுக்கும் ஒரு மேயர் கிடைக்க மாட்டார். ஹார்ட்ஃபோர்ட் மாதிரி சின்ன டீம்களில் ஆடியவர்களில் பெரும்பாலானவர்கள் மேலே போகாமலே முடிந்து போனவர்கள். அவர்களுக்கு வீழ்ந்த பிறகு பிடிக்க ஒரு கயிறு வேணும். அந்த வகையில் நாங்க சொன்னதிலும் நியாயம் இருக்கு.

1941 ஜூன் 2 அன்று லூ இறந்தார். வாலி பிப்பின் இடத்தில் இறங்கி அன்றோடு சரியாக 16 வருஷம். வயசு 37.

ஜூனியருக்கு

இன்றைய அமெரிக்க பேஸ்பால் விதிப்படி, நாலு வருஷக் காலேஜில் சேர்ந்த பையனை மூன்றாம் வருஷம் முடியும்வரை, இல்ல 21 வயசு ஆகும்வரை எந்த டீமும் எடுக்க முடியாது. அதாவது 1923-இல் லூ போட்ட அந்தக் கையெழுத்து இன்னைக்கு செல்லாது. பையன்களைப் படிக்க வைக்க நல்ல விதிதான். அதே சமயம், 2021-இல் இருந்து காலேஜ் வீரர்கள் தங்கள் பேரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம்னு ஆச்சு. என்னைப் பொறுத்தவரை இந்த இரண்டாவது மாற்றம் வந்த பிறகுதான் முதல் விதிக்கு அர்த்தமே வருது. காத்திருன்னு சொல்றவங்க, காத்திருக்கிற காலத்துக்குச் சோறும் போடணும்.

அதனால் அந்த ஜூனியரை மறுபடி கூப்பிட்டு உட்கார வைத்தேன். இந்த முறை பதில் சொல்லல, மூன்று கேள்வி கேட்டேன். வீட்டுச் செலவு இப்போ யார் பார்க்கிறாங்க, அவங்களால் இன்னும் இரண்டு வருஷம் முடியுமா? போகிற இடத்தில் உன்னை வளர்ப்பாங்களா, இல்ல பெஞ்சில் உட்கார வைப்பாங்களா? பிரேக் ஆஃப் ஸ்டடி போட்டுத் திரும்பி வர வழி இருக்கான்னு ஆபீஸில் விசாரிச்சியா? முதல் கேள்விக்கு அவன் ரொம்ப நேரம் பேசினான். முன்னாடி நாங்க அதைக் கேட்கவே இல்ல. என்ன செய்யப் போறான்னு இன்னும் முடிவு பண்ணல. பண்ணட்டும், அவன் வாழ்க்கை.

ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்லி முடிக்கிறேன். 1939 ஜூலை 4 அன்று யாங்கீ ஸ்டேடியத்தில் அறுபதாயிரம் பேருக்கு மேல் கூடி லூவுக்கு விடை கொடுத்தார்கள். அவர் போட்டிருந்த 4-ஆம் நம்பர் சட்டையை இனி அந்த டீமில் யாருக்கும் கொடுப்பதில்லை என்றார்கள். சாகப் போகிற மனுஷன் மைக் முன்னாடி நின்று ஒவ்வொருத்தருக்காக நன்றி சொன்னார். தான் படிக்கணும்னு வாழ்நாள் முழுக்க உழைத்த அப்பா அம்மாவுக்கும் நன்றி சொன்னார். அந்தப் படிப்பை விட்டுட்டு வந்து அப்போ 16 வருஷம் ஆகியிருந்தது.