அறிஞர் கார்வரும் அவரைக் கைதூக்கிவிட்டோரும்

கல்வியில் முதல் தலைமுறையாக அடியெடுத்து வைப்போருக்குப் பட்டம் பெறுவது பாதி வழியே ஆகும். பட்டத்திற்குப் பின் எத்துறையில் நிற்பது, எவரிடம் தொழில் பழகுவது, ஆய்வுப் பணிக்கு எவ்வாறு விண்ணப்பிப்பது என்பவற்றைச் சொல்ல வீட்டிலும் ஆள் இல்லை. தெருவிலும் ஆள் இல்லை. நன்கு பயின்ற நம் பிள்ளைகளுள் சிலர் இவ்விடத்திலேயே தயங்கி நின்றுவிடுவதை நாம் பல்லாண்டுகளாகக் கண்டு வருகிறோம். ஆதலின் இவ்வெள்ளிவிழா மலரில், அடிமைத் தாயின் மகனாகப் பிறந்து வேளாண் அறிவியலில் பெரும்புகழ் எய்திய ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரின் வாழ்வைக் கூற விழைகிறோம். அவர்தம் அறிவைப் போலவே, அவ்வறிவை வளர்த்தவர்களும் நம் கருத்துக்கு உரியவர்கள்.

அமெரிக்க நாட்டில் மிசௌரி மாநிலத்து டயமண்ட் என்னும் சிற்றூரை அடுத்த பண்ணையொன்றில், 1864 ஆம் ஆண்டையொட்டிக் கார்வர் பிறந்தார். தந்தை விபத்தில் மாண்டார். கைக்குழந்தையாய் இருந்தபோதே தாயையும் சேயையும் கொள்ளையர் கவர்ந்து சென்றனர். குழந்தை மட்டும் மீட்கப்பட்டது, தாய் திரும்பவேயில்லை. அடிமை முறை ஒழிந்தபின் பண்ணையார் மோசஸ் கார்வரும் அவர் மனைவி சூசனும் சிறுவனை வளர்த்தனர். எழுத்தறிவித்தவர் சூசன் அம்மையாரே. அருகிலிருந்த பள்ளியோ கறுப்பினச் சிறுவனுக்குக் கதவடைத்தது.

எனவே சிறுவன் நியோஷோ நகருக்கு நடந்து சென்று, கறுப்பினப் பிள்ளைகளுக்கான பள்ளியில் சேர்ந்தான். அங்கு அவனுக்கு இடமளித்தவர் மரியா வாட்கின்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி. துணி வெளுத்தும் பேறுகாலம் பார்த்தும் வாழ்ந்தவர். கற்கக்கூடியதையெல்லாம் கற்று, அதனைத் தன் மக்களுக்கே திருப்பித் தர வேண்டும் என்று அவர் அச்சிறுவனுக்கு அறிவுறுத்தினார் என்பர்.

1885 இல் கான்சாஸ் மாநிலத்துக் கல்லூரியொன்று கடிதத்தின் வாயிலாக அவருக்கு இடம் தந்தது. நேரில் சென்றதும், நிறத்தைக் கண்டு திருப்பியனுப்பிவிட்டது. அதன்பின் ஐந்தாண்டுகள் அவர் கல்லூரி வாயிலை மிதிக்கவில்லை. 1890 இல் அயோவா மாநிலத்துச் சிம்சன் கல்லூரியில் ஓவியம் பயிலச் சேர்ந்தார். பிறர் துணிகளை வெளுத்தே வயிறு வளர்த்தார்.

இங்குதான் அவர் வாழ்வு திசை மாறியது. ஓவிய ஆசிரியை எட்டா பட், அவர் தீட்டிய செடிகொடிகளில் ஓவியனின் கண்ணோடு தாவரவியலாளனின் கண்ணையும் கண்டார். கறுப்பின இளைஞர் ஒருவர் ஓவியத்தால் பிழைப்பது அந்நாளில் அரிது என்பதையும் அவ்வம்மையார் எண்ணிப் பார்த்தார். தம் தந்தை தோட்டக்கலைப் பேராசிரியராய் விளங்கிய ஏம்ஸ் நகர வேளாண்மைக் கல்லூரிக்குச் செல்லுமாறு மாணவரைத் தூண்டினார். தம்மிடமே வைத்துக்கொள்ளாமல், தக்க இடத்திற்கு அனுப்பிவைத்த அப்பெருந்தன்மையை நாம் போற்றுகிறோம்.

1891 இல் ஏம்ஸ் கல்லூரியில் சேர்ந்த முதல் கறுப்பின மாணவர் கார்வரே. உணவுக்கூடத்தில் மற்ற மாணவரோடு அமர அவருக்கு இடமில்லை. கீழ்த்தளத்தில் பண்ணையாட்களோடு உண்ண வேண்டியிருந்தது. இதன் வேதனையை நம் வாசகர்க்கு விளக்க வேண்டுவதில்லை. சிம்சன் கல்லூரி நாள்களில் அறிமுகமான லிஸ்டன் என்னும் வெள்ளையின அம்மையார் இச்செய்தி கேட்டு ஏம்ஸுக்கு வந்து, அந்தக் கீழ்த்தளத்திலேயே அவரோடு அமர்ந்து உண்டார். அதன்பின் நிலைமை சற்றே தணிந்தது.

அக்கல்லூரியின் தாவரவியல் பேராசிரியர் லூயிஸ் பாமெல், கார்வருக்கு வாய்த்த நல்லாசான். 1894 இல் கார்வர் இளநிலைப் பட்டம் பெற்றதும், அவரைத் தம் உதவியாளராக்கிப் பசுமைக்குடிலை ஒப்படைத்தார்; முதலாண்டு மாணவர்க்குப் பாடம் நடத்தவும் செய்தார். பூஞ்சை நோய்கள் பற்றி வெளியிட்ட ஆய்வில் தம் பெயரோடு மாணவர் பெயரையும் சேர்த்தார். உழைப்பை வாங்கிக்கொண்டு பெயரை மறைத்துவிடும் வழக்கம் உலகில் உண்டு. பாமெல் அவ்வாறு செய்தாரில்லை. 1896 இல் கார்வர் முதுநிலைப் பட்டமும் பெற்றார்.

அவ்வாண்டே புக்கர் டி. வாஷிங்டன், அலபாமா மாநிலத்தில் கறுப்பின மக்களுக்காகத் தாம் நடத்திவந்த டஸ்கிகீ நிறுவனத்திற்கு அவரை அழைத்தார். ஏம்ஸில் நல்ல ஆய்வகமும் நிலையான பணியும் இருந்தன; டஸ்கிகீயிலோ ஆய்வுக் கருவிகள் இல்லை. எனினும் கார்வர் சென்றார். குப்பையில் கிடந்த புட்டிகளையும் பாத்திரங்களையும் மாணவரோடு பொறுக்கி வந்து ஆய்வகம் அமைத்தார். பருத்தியையே மீண்டும் மீண்டும் பயிரிட்டு வளமிழந்த நிலத்தில், காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும் நிலக்கடலை, தட்டைப்பயறு போன்றவற்றை மாற்றுப் பயிராக்க ஏழை உழவர்க்குக் கற்பித்தார். 1906 இல் கருவிகளும் விதைகளும் ஏற்றிய வண்டியொன்று ஊரூராகச் செல்லத் தொடங்கியது. அதன் பொறுப்பை ஏற்றவர் டஸ்கிகீ மாணவர் தாமஸ் காம்ப்பெல். அமெரிக்க வேளாண் துறையின் முதல் கறுப்பின விரிவாக்க அலுவலர் அவரே.

கார்வர் குறையற்றவர் என்று நாம் கூறவில்லை. நிர்வாகப் பணி அவருக்கு ஒத்துவரவில்லை. அது குறித்து வாஷிங்டனுடன் பலமுறை பூசலிட்டார். நிலக்கடலையிலிருந்து முந்நூறு பொருள்கள் ஆக்கினார் என்ற புகழ் பரவிய போதிலும், அவற்றின் செய்முறைகளை அவர் முறையாக எழுதி வைக்கவில்லை. பெற்ற காப்புரிமைகள் மூன்றே. செய்த சோதனையை அன்றன்றே குறிப்பேட்டில் பதிய வேண்டும் என்னும் பாடத்தை நம் இளைஞர்கள் இதிலிருந்தும் கற்கலாம்.

1935 இல் ஆஸ்டின் கர்ட்டிஸ் என்னும் கறுப்பின இளம் வேதியியலாளர் உதவியாளராய் வந்து சேர்ந்தார். திருமணம் செய்துகொள்ளாத கார்வர் அவரை மகன்போல் கருதித் தொழில் பழக்கினார். 1940 இல், கறுப்பின இளைஞர்கள் ஆய்வைத் தொடரும்பொருட்டுத் தம் பெயரால் அறக்கட்டளை ஒன்றை நிறுவினார். பல்லாண்டுகள் எளிய வாழ்க்கை வாழ்ந்து சேர்த்த சுமார் 60 ஆயிரம் டாலர் அதற்கே சென்றது. 1943 சனவரி 5 ஆம் நாள் அவர் மறைந்தார். மரியா அம்மையார் கேட்டதை அவர் திருப்பித் தந்துவிட்டார் என்றே நாம் கருதுகிறோம்.

இளைஞர்களே! வழி தெரியாதபோது கேட்பதற்கு நாணாதீர்கள். கார்வருக்கும் திசை காட்ட ஓர் ஓவிய ஆசிரியை தேவைப்பட்டார். நம் சங்கத்தால் பயின்று மருத்துவராகவும் பொறியாளராகவும் ஆசிரியராகவும் உயர்ந்துள்ள அன்பர்களே! நன்கொடை தருவதோடு உங்கள் கடமை முடிந்துவிடவில்லை. உங்கள் துறையில் நுழையும் நம் பிள்ளை ஒருவரை ஆளுக்கு ஒருவராக ஏற்றுக்கொள்ளுங்கள். பாமெல் செய்ததுபோல வேலையைக் கொடுத்துப் பழக்குங்கள். உழைப்புக்குரிய பெயரை அவருக்கே வழங்குங்கள். காலம் வரும்போது தக்க இடத்திற்கு மனமுவந்து அனுப்பி வையுங்கள். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் சங்கம் இப்பணியையும் தன் பணிகளுள் ஒன்றாகக் கொள்ள வேண்டும் என்பது நம் வேண்டுகோள்.