கதை சொன்னவரும் எழுதிக் கொடுத்தவரும்

நம்ம கூட்டமைப்பில் பன்னிரண்டு வருஷமாகத் தீர்மானப் புத்தகம் எழுதுகிறவள் நான். மலருக்கு ஒரு சாதனைப் பெண்ணைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நான் எடுத்துக்கொண்டது வை.மு. கோதைநாயகி அம்மாளை.

அவர் 1901-ல் பிறந்தவர். சின்னக் குழந்தையாக இருக்கும்போதே அம்மா இறந்துவிட்டார். ஐந்து வயது தாண்டியதும் கல்யாணம். சென்னை திருவல்லிக்கேணிதான் புகுந்த வீடு. பள்ளிக்கூடத்தில் படித்தவர் இல்லை. எழுதத் தெரியாது. ஆனால் கதை சொல்ல உட்கார்ந்தால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். கணவர் பார்த்தசாரதி அவரை நாடகம் பார்க்கக் கூட்டிப் போவார். பார்த்துப் பார்த்து, தானும் ஒரு நாடகம் செய்யலாமே என்ற ஆசை வந்தது.

எழுதத் தெரியாதவர் எப்படி நாடகம் எழுதுவது? பட்டம்மாள் என்ற தோழி பக்கத்தில் உட்கார்ந்தார். கோதைநாயகி சொல்லச் சொல்ல அவர் எழுதினார். அப்படி வந்ததுதான் ‘இந்திரமோகனா’. 1924-ல் அது புத்தகமாகவே வந்துவிட்டது. பிறகு கோதைநாயகியும் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார்.

அடுத்த வருஷமே, நின்று போயிருந்த ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை வாங்கி, தானே ஆசிரியராக இருந்து நடத்தினார். அந்தக் காலத்தில் பெண் கதை எழுதினால் ஏளனம், மேடை ஏறினால் ஏச்சு. அவர் இரண்டையும் செய்தார். பெண் கல்வி, விதவைத் திருமணம், குடியின் கொடுமை எல்லாவற்றையும் கதைக்குள் வைத்தார். மொத்தம் 115 நாவல்கள். காந்தியைச் சந்தித்த பின் பட்டையும் நகையையும் விட்டுக் கதர் கட்டினார். கள்ளுக்கடை மறியலில் இறங்கிச் சிறைக்கும் போனார். அங்கேயும் கதை எழுதினார். 1956-ல் ஒரே மகனைப் பறிகொடுத்தார். 1960-ல் அவரும் காலமானார்.

இதைப் படித்தபோது எனக்கு நம்ம கூட்டம்தான் ஞாபகம் வந்தது. நாம கூடி உட்கார்ந்தால், பொம்பளைங்க கதை பேசுறாங்க என்று டீக்கடையில் சிரிப்பார்கள். ஆம்பளை நாலு வார்த்தை சேர்த்துப் பேசினால் பேச்சாளர். நாம பேசினால் வாயாடி. நம்ம பேச்சுக்கு வம்பு, புலம்பல் என்றுதான் பேர் வைத்திருக்கிறார்கள். அதே வீட்டுப் பேச்சைத்தான் கோதைநாயகி அம்மாள் எழுத்தாக்கி, மாதாமாதம் பத்திரிகையில் கொடுத்தார். பெண்கள் காத்திருந்து வாங்கிப் படித்தார்கள்.

ஆனால் என்னை உறுத்தியது பட்டம்மாள்தான். அவர் கேட்டதைக் கேட்டபடி எழுதினார். நான் என்ன செய்தேன்? போன வருஷம் ஒரு அக்கா, கடன் தவணையை அறுப்பு மாசத்துக்குத் தள்ளி வைக்கணும் என்று அரை மணி நேரம் காரணத்தோடு சொன்னார். நான் புத்தகத்தில் எழுதியது, கடன் குறித்து விவாதிக்கப்பட்டது என்று ஒரே வரி. அடுத்த கூட்டத்தில் அந்தக் கோரிக்கையை யாரும் எடுக்கவில்லை. புத்தகத்தில் இருந்தால்தானே எடுப்பதற்கு! டீக்கடைக்காரர்கள் சிரித்து ஒதுக்கினார்கள். நான் எழுதாமலே ஒதுக்கிவிட்டேன்.

இப்போது மாற்றிக்கொண்டேன். யார் சொன்னது, என்ன காரணம், எந்த மாசம் என்று பேரோடு எழுதுகிறேன். முடிந்ததும் சத்தமாகப் படித்துக் காட்டுகிறேன். அந்த அக்காவின் தவணையும் தை மாசத்துக்கு மாறியது.

எழுதத் தெரியாத சகோதரிகள் கூச்சப்பட வேண்டாம், பேசுங்கள். எழுதத் தெரிந்த ஊக்குநர்களே, பிரதிநிதிகளே, பக்கத்தில் உட்கார்ந்து அவங்க சொன்னபடியே எழுதுங்கள்.