கோல் போட்டவர் இல்லை, கோலைத் தடுத்தவர்! – பீட்டர் தங்கராஜ் வாழ்க்கை



இந்தச் சுவர் இதழில் விஞ்ஞானிகள், தலைவர்கள், புலவர்கள் என்று நிறைய பேருடைய வாழ்க்கையை எழுதியாச்சு. நான் பந்து விளையாடுறவன். அதனால் ஒரு பந்து வீரரைப் பற்றி எழுதுகிறேன். அதுவும் கோல் போட்டுப் பேர் வாங்கியவர் இல்லை. கோல் விழாமல் தடுத்துப் பேர் வாங்கியவர்.

உங்களுக்கு ஒரு கேள்வி. ஆசியாவிலேயே சிறந்த கோல்கீப்பர் என்று பெயர் எடுத்த தமிழ்ப் பெயர்க்காரர் யார்? எம்.கே.பி. நகரிலும் வியாசர்பாடியிலும் தெருவுக்குத் தெரு ஃபுட்பால் டீம் இருக்கு. மெஸ்ஸி, ரொனால்டோ எத்தனை கோல் போட்டார்கள் என்று மூணாம் கிளாஸ் பையன்கூட சொல்லிடுவான். ஆனா இந்தக் கேள்வியைக் கேட்டா முக்கால்வாசி பேர் முழிப்பாங்க. விடை: பீட்டர் தங்கராஜ்.

பிறப்பும் தொடக்கமும்

தங்கராஜ் 1935-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் தேதி ஹைதராபாத்தில் பிறந்தார். பக்கத்திலேயே இருக்கும் செகந்திராபாத் ஒரு பெரிய ராணுவ நகரம். ராணுவம் இருக்கிற இடத்தில் மைதானம் இருக்கும், மைதானம் இருந்தா பந்து இருக்கும். அந்தக் காலத்தில் ஹைதராபாத் – செகந்திராபாத் பகுதிதான் இந்திய ஃபுட்பாலுக்கு விளைநிலம் மாதிரி இருந்தது. இவரோடு இந்தியாவுக்கு ஆடிய துளசிதாஸ் பலராமும் அந்தப் பக்கத்துக்காரர்தான். மார்னிங் ஸ்டார், ஃபிரெண்ட்ஸ் யூனியன் என்ற உள்ளூர் கிளப்புகளில் தங்கராஜ் ஆடத் தொடங்கினார்.

1953-இல் ராணுவத்தில் சேர்ந்தார். இடம், நம்ம நீலகிரியில் குன்னூருக்குப் பக்கத்தில் உள்ள வெலிங்டன். அங்கேதான் மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் இருக்கிறது. தமிழ்நாட்டு மண்ணில்தான் தங்கராஜ் பெரிய ஆட்டக்காரர் ஆனார்.

இதில் ஒரு ஆச்சரியம் என்னன்னா, அவர் முதலில் கோல்கீப்பரே இல்லை! சென்டர் ஃபார்வர்டு. அதாவது கோல் அடிக்கிற ஆள். பிறகுதான் கோல் கம்பத்துக்குக் கீழே வந்து நின்றார்.

நம்ம ஏரியாவில் இதைத் தண்டனை மாதிரி நினைப்பார்கள். டீம் பிரிக்கும்போது யாருக்கு ஓட வரலையோ, யார் ரொம்பச் சின்னப் பையனோ, அவனைப் பிடிச்சுத் தள்ளி கோலில் நிற்க வைப்பார்கள். தங்கராஜ் வாழ்க்கை இதுக்கு நேர் எதிர். நல்லா உயரமான ஆள், ஆறடிக்கு மேல். பந்தை உதைத்தால் எதிர் டீம் பாதியில் போய் விழும். அது மட்டும் இல்லை, ஃபார்வர்டாக ஆடியவர் என்பதால் எதிரில் ஓடி வருகிறவன் மனசு அவருக்குத் தெரியும். எந்தக் காலால் அடிப்பான், எப்போது அடிப்பான் என்று அடிக்கிறவன் இடத்தில் நின்று பார்த்தவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

கோல்கீப்பர் வேலை என்றால் சும்மாவா?

கோலின் அகலம் 24 அடி, உயரம் 8 அடி. இவ்வளவு பெரிய வாசலுக்கு ஒரே ஒரு காவல்காரர். அந்தக் காலத்துப் பந்து தோலில் செய்தது. மழையில் நனைந்தால் தண்ணியைக் குடிச்சு கனமாகிவிடும். இன்றைக்கு இருப்பது போல நுரை வைத்த கையுறை கிடையாது. பெரும்பாலும் வெறும் கையில்தான் பிடிக்க வேண்டும்.

இன்னொரு கஷ்டமும் இருக்கு. ஃபார்வர்டு பத்து தடவை தப்பா அடித்து ஒரு கோல் போட்டால் தோளில் தூக்கிக் கொண்டாடுவார்கள். கீப்பர் பத்து பந்தைப் பிடித்து ஒன்றை விட்டால், அந்த ஒன்றைத்தான் எல்லாரும் ஞாபகம் வைத்திருப்பார்கள். தங்கராஜ் இந்த வேலையைத்தான் இந்தியாவுக்காகப் பத்து வருஷத்துக்கு மேல் செய்தார்.

டுராண்ட் கோப்பை முதல் ஒலிம்பிக் வரை

1888-இல் தொடங்கிய டுராண்ட் கோப்பை ஆசியாவிலேயே பழமையான ஃபுட்பால் போட்டி. அதை மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் 1955-லும் 1958-லும் வென்றது. கல்கத்தாவின் பெரிய பெரிய கிளப்புகள் ஆடும் கோப்பையை நீலகிரியில் பயிற்சி எடுத்த ராணுவ டீம் தூக்கியது என்றால் சும்மா இல்லை. 1960-61 சந்தோஷ் கோப்பையை முதல் முறையாக வென்ற சர்வீசஸ் அணியிலும் தங்கராஜ் இருந்தார்.

1955-இல் டாக்காவில் நடந்த நான்கு நாடுகள் போட்டியில் இந்திய அணிக்கு வந்தார். அடுத்த வருஷமே மெல்போர்ன் ஒலிம்பிக் அணியில் இடம் கிடைத்தது. அந்த 1956 ஒலிம்பிக்கில் இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என்று வீழ்த்தி அரையிறுதிக்குப் போனது. ஒலிம்பிக் ஃபுட்பாலில் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய நாடு நாமதான்! கடைசியில் நான்காம் இடம். அதே ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற சோவியத் அணியின் கோல்கீப்பர் லெவ் யாஷின். ஐரோப்பாவின் சிறந்த வீரர் விருதை வாங்கிய ஒரே கோல்கீப்பர் இன்று வரை அவர்தான்.

1958-இல் டோக்கியோவில் ஆசிய விளையாட்டு. இந்தியாவுக்கு அங்கேயும் நான்காம் இடம்தான். ஆனால் அந்த வருஷம் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்ற பெருமை தங்கராஜுக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 22.

1960 ரோம் ஒலிம்பிக். இந்தியா இருந்த பிரிவில் ஹங்கேரி, பிரான்ஸ், பெரு. எல்லாமே பலமான அணிகள். ஹங்கேரியிடம் 1-2 என்று தோற்றோம். பிரான்சோடு 1-1 டிரா. பெருவிடம் 1-3 தோல்வி. அந்த ஹங்கேரி அணிதான் பிறகு வெண்கலம் வாங்கியது. நம்ம மேல் கோல் போட்ட ஃபுளோரியன் ஆல்பர்ட் 1967-இல் ஐரோப்பாவின் சிறந்த வீரர் ஆனார். அப்படிப்பட்ட அணியோடு ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்பது கேவலமா? நீங்களே சொல்லுங்க.

ஜகார்த்தா, 1962 – மறக்க முடியாத மாலை

இப்போ முக்கியமான கட்டத்துக்கு வருகிறேன். 1962-ஆம் ஆண்டு நான்காவது ஆசிய விளையாட்டு இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் நடந்தது. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா சேர்க்கவில்லை. அதை இந்தியாவைச் சேர்ந்த ஒலிம்பிக் நிர்வாகி ஜி.டி. சோந்தி எதிர்த்தார். அந்தக் கோபம் முழுவதும் நம் வீரர்கள் மேல் திரும்பியது. மைதானத்தில் இந்தியாவைக் கண்டாலே கூச்சல்.

பயிற்சியாளர் ஹைதராபாத் சையத் அப்துல் ரஹீம். பள்ளி ஆசிரியராக இருந்தவர். உடம்புக்குள் புற்றுநோயை வைத்துக்கொண்டு டீமை நடத்தினார். முதல் ஆட்டத்திலேயே தென் கொரியா 2-0 என்று நம்மை அடித்தது. அடுத்து தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0, அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2 என்று வென்று மேலே வந்தோம். தாய்லாந்து ஆட்டத்தில் தடுப்பாட்டத் தூணான ஜர்னைல் சிங்குக்கு மண்டை உடைந்து தையல் போட்டார்கள். தங்கராஜோ காய்ச்சலில் விழுந்துவிட்டார். அரையிறுதியில் கோல் காத்தவர் இளம் வீரர் பிரத்யுத் பர்மன்.

செப்டம்பர் 4, இறுதி ஆட்டம். எதிரே மறுபடியும் அதே தென் கொரியா. ரஹீம் ரெண்டு முடிவு எடுத்தார். ஒன்று, தலையில் கட்டோடு இருந்த ஜர்னைல் சிங்கை முன்னே தள்ளி ஃபார்வர்டாக ஆட விட்டார். ரெண்டு, காய்ச்சலில் இருந்து எழுந்த தங்கராஜைக் கோலில் நிறுத்தினார்.

இந்த ரெண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். டீமிலேயே பெரிய தடுப்பாட்டக்காரரை முன்னாடி அனுப்பிட்டா பின்னாடி ஓட்டை விழும். அந்த ஓட்டைக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர் கொஞ்சமும் பதறாதவராக இருக்கணும். உயரப் பந்தைப் பறித்து எடுக்கணும். பெரிய மேட்ச் பழகியவராக இருக்கணும். அதுக்குத்தான் தங்கராஜ்.

சுமார் ஒரு லட்சம் பேர் கூட்டம். கிட்டத்தட்ட எல்லாருமே நமக்கு எதிராகக் கத்தினார்கள். 17-ஆவது நிமிடத்தில் பி.கே. பானர்ஜி கோல் போட்டார். 20-ஆவது நிமிடத்தில் ஜர்னைல் சிங் இன்னொன்று. 2-0!

கோல் போட்ட கதை மூணு நிமிஷத்தில் முடிஞ்சுபோச்சு. கோலைக் காத்த கதைதான் மீதி 70 நிமிஷமும். 85-ஆவது நிமிடத்தில்தான் கொரியா ஒரு கோலைத் திருப்ப முடிந்தது. 2-1. இன்னும் அஞ்சு நிமிஷம். ஒரு கோல் வாங்கினதுக்கு அப்புறம் கீப்பருக்குத்தான் முதலில் கை நடுங்கும். நான் எங்க பள்ளி டீமுக்குக் கோலில் நிற்கிறவன். அதனால் அந்த அஞ்சு நிமிஷம் எவ்வளவு நீளமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். கத்துகிற ஒரு லட்சம் பேருக்கு நடுவில் தங்கராஜ் அடுத்த கோலை விடவில்லை. தங்கம் இந்தியாவுக்கு!

1951-க்குப் பிறகு கிடைத்த இரண்டாவது தங்கம் அது. ஆசிய விளையாட்டு ஃபுட்பாலில் இந்தியா அதற்கப்புறம் இன்னும் தங்கம் வாங்கவில்லை. ரஹீம் 1963 ஜூன் மாதம் காலமானார். இந்தக் கதையை வைத்து 2024-இல் ‘மைதான்’ என்று ஒரு ஹிந்திப் படம் வந்தது. அதில் தங்கராஜும் ஒரு பாத்திரம்.

அதற்குப் பிறகு

1964 – ஆசியக் கோப்பை, இந்தியா இரண்டாம் இடம்.
1966 – பாங்காக் ஆசிய விளையாட்டு. இது அவருக்கு மூன்றாவது ஆசிய விளையாட்டு.
1967 – அர்ஜுனா விருது.
1971 – ஆட்டத்தில் இருந்து ஓய்வு.

ராணுவத்தை விட்டு வந்த பிறகு கல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடினார்: முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால். இந்த மூணுக்கும் ஆடுவது என்பது நம்ம ஊரில் ஒரே ஆள் மூணு எதிரித் தெரு டீமுக்கும் ஆடி, மூணு தெருவிலும் நல்ல பேர் வாங்குவது மாதிரி!

வீரர் வாத்தியார் ஆனார்

ஆட்டத்தை நிறுத்தியதும் தங்கராஜ் வீட்டில் உட்காரவில்லை. கோவாவின் வாஸ்கோ கிளப், அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம் என்று போய்ப் பயிற்சி கொடுத்தார். பிறகு ஜார்க்கண்டில் உள்ள இரும்பு ஆலை நகரமான பொகாரோவில் தங்கினார்.

கோல்கீப்பர் எப்படிக் கோச் ஆக முடியும் என்று சிலர் கேட்கலாம். யோசித்துப் பாருங்கள். மைதானத்தில் பத்து பேர் பந்து பின்னாடி ஓடுகிறார்கள். ஒரே ஒருத்தர் மட்டும்தான் முழு மைதானத்தையும் எதிரில் வைத்துப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். யார் இடம் மாறி நிற்கிறான், யார் மூச்சு வாங்குகிறான், எந்தப் பக்கம் காலியாக இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். இத்தாலியின் டினோ ஸோஃப் 1982-இல் 40 வயதில் கேப்டனாகவும் கீப்பராகவும் உலகக் கோப்பையை வென்றார். பின்னால் கோச் ஆகி 2000-இல் இத்தாலியை ஐரோப்பியக் கோப்பை இறுதிக்குக் கொண்டு போனார். அமெரிக்காவின் பேஸ்பாலிலும் பந்தைப் பிடிக்கிற கேட்சர்தான் மற்ற எல்லாரையும் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். கேட்சராக ஆடிய நிறைய பேர் அங்கே டீம் மேனேஜர் ஆகியிருக்கிறார்கள். தங்கராஜும் அந்த வழிதான்.

2008-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் தேதி பொகாரோவில் மாரடைப்பால் காலமானார். வயது 72. பிறந்தது ஹைதராபாத், வளர்ந்தது வெலிங்டன், ஆடியது கல்கத்தா, மறைந்தது பொகாரோ. ஒரு ஊருக்கும் சொந்தமில்லாமல் போனதால்தான் அவரை எந்த ஊரும் தன் ஆள் என்று கொண்டாடவில்லையோ என்று எனக்குத் தோன்றுகிறது.

நமக்கு என்ன பாடம்?

நம்ம வியாசர்பாடியில் இருந்து போன நந்தகுமார் சேகர் 2023 டுராண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானுக்கு எதிராக ஒரே கோல் போட்டு ஜெயிக்க வைத்தார். நாம எல்லாரும் விசில் அடிச்சோம். தங்கராஜ் போட்ட அதே ஈஸ்ட் பெங்கால் சட்டை. அதே டுராண்ட் கோப்பை. கோல் போடுகிறவர் நம்ம ஏரியாவில் இருந்து போயாச்சு. கோலைக் காக்கிறவரும் போகணும் இல்லையா?

அதற்கு நாம ரெண்டு காரியம் செய்தால் போதும் நண்பர்களே. ஓடத் தெரியாதவனைக் கோலில் தள்ளாதீங்க. நல்லா எம்புகிற, பயப்படாத, வாய் திறந்து கூப்பிடத் தெரிஞ்ச பையனையோ பொண்ணையோ தேர்ந்தெடுத்து நிறுத்துங்க. அப்புறம், ஒரு கோல் விழுந்தா உடனே கீப்பரைத் திட்டாதீங்க. பந்து அவர்கிட்ட வருவதற்கு முன்னாடி பத்து பேரைத் தாண்டித்தான் வந்திருக்கு!

ஜகார்த்தாவில் கொரியா கோல் போட்டபோது நம்ம பத்து பேரும் தங்கராஜைத் திட்டிக்கொண்டு நின்றிருந்தால் அந்தத் தங்கம் வந்திருக்குமா? யோசிங்க.

வாழ்க பீட்டர் தங்கராஜ் புகழ்!

– பதினோராம் வகுப்பு மாணவன், எம்.கே.பி. நகர்