எதிர்பாராமல் குளம் நிறையக் கெண்டைக் குஞ்சா? சீனத்து ஃபான் லியின் கதையைக் கேளுங்கள்

குளிர் நாடுகளில் வீட்டுக் கொல்லையில் சிறு குளம் வெட்டி, அழகுக்காக நாலைந்து கோய் கெண்டைகளை விட்டு வளர்ப்பார்கள். வெயில் ஏறும் மாதங்களில் சினை மீன் நீர்ச்செடியின் வேரில் முட்டையை ஒட்டிவிட்டுப் போயிருக்கும். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அக்டோபரில் உதிர்ந்த இலையை வலையால் அள்ளும்போதுதான் குளம் முழுக்கக் குஞ்சு என்பது தெரியவரும். ஐந்து மீன் இருந்த இடத்தில் ஐந்நூறு. இன்னும் ஒன்றிரண்டு மாதத்தில் நீரின் மேற்பரப்பு பனிக்கட்டியாக உறைந்துவிடும். அத்தனையையும் வைத்துக்கொண்டால் தாய் மீனும் சேர்ந்து சாகலாம். தூக்கி எறியவோ மனம் வராது.

நம் சமவெளியில் குளம் உறைவதில்லை. ஆனாலும் இந்த மீன் நமக்குப் புதிதல்ல. கோய் என்பது வண்ணம் ஏறிய சாதா கெண்டைதான். ஜப்பானின் நீகாட்டா மலைப்பகுதி நெல் விவசாயிகள் 19-ஆம் நூற்றாண்டில் நிறம் பார்த்துப் பொறுக்கிப் பொறுக்கி உருவாக்கியது. சாதா கெண்டை 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்தது. பிறகு நம் கூட்டுமீன் குளங்களிலும் இடம் பிடித்தது. கட்லாவும் ரோகுவும் பொதுவாகத் தேங்கிய குளத்தில் தாமாக இனப்பெருக்கம் செய்வதில்லை. சாதா கெண்டை செய்யும். கேட்காமலே குஞ்சு நிறைவது அதன் குணம்.

இந்தக் குணத்தை வருமானமாக்கி, எத்தனை வைப்பது, எத்தனையை எடுப்பது என்று முதலில் கணக்குச் சொன்னவராகச் சீனர்கள் போற்றுவது ஃபான் லி என்பவரை. கி.மு. 5-ஆம் நூற்றாண்டுக்காரர். பிறந்து வளர்ந்தது மீன் குளத்தருகே அல்ல, போர்க்களத்துக்கும் அரண்மனைக்கும் நடுவில் வாழ்ந்தவர்.

அரண்மனையை விட்டு வயலுக்கு

சூ நாட்டில் பிறந்த ஃபான் லி, யுவே நாட்டு அரசன் கோவ்ஜியானிடம் அமைச்சரானார். கி.மு. 494-இல் அவர் சொல்லைக் கேட்காமல் அரசன் பக்கத்து நாடான வூ மீது படையெடுத்துத் தோற்றான். மலையில் சிக்கிய அரசன் உயிர் பிழைக்கச் சரணடைந்தான். ஃபான் லி எதிரி நாட்டில் பிணையாகச் சில காலம் கிடந்தார். திரும்பியதும் இருபது ஆண்டு பொறுமையாக நாட்டைத் தேற்றினார்கள். ஃபான் லி படையைக் கவனிக்க, நண்பர் வென் ஜோங் உழவையும் மக்களையும் கவனித்தார்.

அந்தக் காலத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, விவசாயி கேட்டால் வயிறு எரியும். வூ நாட்டிடம் கடன் வாங்கிய தானியத்தை யுவே திருப்பித் தந்ததாம், நல்ல பருமனான மணிகளாகப் பொறுக்கி, அவித்துக் காயவைத்து. விதைக்கு ஆகும் என்று எடுத்து விதைத்தவர்களுக்கு ஒன்றுகூட முளைக்கவில்லை. பஞ்சம் வந்தது. கி.மு. 473-இல் வூ நாடு அழிந்தது.

வெற்றி விழா அடங்கும் முன்பே ஃபான் லி கையில் கிடைத்த நகைகளோடு படகேறிப் போய்விட்டார். துன்பத்தில் கூட இருக்கலாம், சுகத்தில் கூட இருக்க முடியாத அரசன் இவன், நீயும் கிளம்பு என்று வென் ஜோங்குக்குக் கடிதம் எழுதினார். நண்பர் உடம்பு சரியில்லை என்று அரண்மனைக்குப் போகாமல் இருந்தாரே தவிர, ஊரை விட்டுப் போகவில்லை. அவர் கலகம் செய்யப் பார்ப்பதாக யாரோ கோள் மூட்ட, அரசன் வாளை அனுப்பினான். அந்த வாளால்தான் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார்.

ஃபான் லியோ வடக்கே சீ நாட்டுக் கடலோரத்தில் பெயரை மாற்றிக்கொண்டு, மகன்களோடு வயலில் இறங்கி உழுதார். சொத்து குவிந்தது. அங்கேயும் அமைச்சர் பதவி தேடி வந்தது. இத்தனை பேரும் புகழும் நீடித்தால் நல்லதற்கில்லை என்று முத்திரையைத் திருப்பிக் கொடுத்து, சொத்தை ஊராருக்குப் பங்கிட்டுவிட்டு, பல பாதைகள் கூடும் தாவோ என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தார். இன்றைய ஷாண்டோங் மாகாணத்து டிங்தாவோ அதுதான் என்பார்கள். அங்கே உழவு, கால்நடை, வியாபாரம் என்று 19 ஆண்டில் மூன்று முறை பெரும் செல்வம் சேர்த்தார். இரண்டு முறை ஏழைகளுக்கும் தூரத்து உறவுகளுக்கும் கொடுத்துத் தீர்த்தார். தாவோ ஜூ கோங் என்ற பெயரில் இன்றும் வியாபாரிகள் அவரைச் செல்வத்தின் தெய்வமாக வைத்திருக்கிறார்கள்.

கைவிட்டுக் கொடுக்கத் தெரியாத மூத்தவன்

எல்லாம் கூடி வந்த அந்த ஊரில்தான் அவருக்குப் பெரிய இடி விழுந்தது. நடு மகன் சூ நாட்டில் ஒருவரைக் கொன்று சிறையில் கிடந்தான். தூக்கு உறுதி. வண்டி நிறையத் தங்கம் ஏற்றி, கடைசி மகனை அனுப்ப ஃபான் லி ஏற்பாடு செய்தார். மூத்தவன் விடவில்லை. என்னை அனுப்பாவிட்டால் செத்துப்போவேன் என்றான். தாயும் அவன் பக்கம் பேசினாள். வேறு வழியில்லாமல் அவனை அனுப்பினார். ஒரே ஒரு கட்டளைதான்: சூ நாட்டில் என் பழைய நண்பர் ஜுவாங் இருக்கிறார், தங்கத்தை அவரிடம் கொடு, அவர் செய்வதைச் செய்யட்டும், எதிர்த்துப் பேசாதே.

ஜுவாங் ஏழை. செடி மண்டிய குடிசை. ஆனால் அரசன் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டவன். நட்சத்திரம் சரியில்லை, ஏதாவது நற்காரியம் செய்யுங்கள் என்று அரசனிடம் சொல்ல, நாடு முழுக்கப் பொது மன்னிப்புக்கு ஏற்பாடானது. மூத்தவனுக்கு இது தெரியவந்ததும், எப்படியும் தம்பி விடுதலையாகப் போகிறான், தங்கம் வீணாயிற்றே என்று தோன்றியது. ஊருக்குப் போகச் சொல்லியும் போகாதவன், திரும்ப ஜுவாங் வீட்டு வாசலில் போய் நின்றான். அவருக்குப் புரிந்துவிட்டது. உள்ளே இருக்கிறது, எடுத்துக்கொள் என்றார். அவனும் எடுத்துக்கொண்டான். அவமானப்பட்ட ஜுவாங், பணக்காரன் மகனுக்காகத்தான் இந்த மன்னிப்பு என்று ஊர் பேசுவதாக அரசனிடம் சொன்னார். முதலில் தம்பியின் தலை போனது. மறுநாள் மன்னிப்பு வந்தது.

பிணத்தோடு மூத்தவன் வந்தபோது வீடே அழுதது. ஃபான் லி மட்டும் கசந்து சிரித்தார் என்கிறது சீமா சியென் எழுதிய வரலாறு. மூத்தவனுக்குத் தம்பி மேல் பாசம் குறைவில்லை. என்னோடு சேர்ந்து பாடுபட்டு வளர்ந்தவன், ஒரு காசை விட அவனுக்குக் கை வராது. கடைசி மகன் வசதியில் பிறந்தவன், வீசி எறிந்துவிட்டு வந்திருப்பான். பிணம் வரும் என்று அன்றே எதிர்பார்த்தேன் என்ற பொருளில் பேசினாராம். பாடுபட்டவனைத்தான் இதில் குறை சொல்கிறார்கள் என்று நமக்கு உறுத்தும். உறுத்தட்டும்.

குளத்துக் கணக்கு

அவர் பெயரில் வழங்கும் மீன் வளர்ப்பு நூல் சிறியது. 6-ஆம் நூற்றாண்டில் ஜியா சீஷியே தொகுத்த வேளாண் நூலில் சேர்த்து வைத்ததால் தப்பியது. அதில் அவர் உரையாடும் அரசன் நூறாண்டு பிந்தியவன். எனவே அவரே எழுதியதா என்பதில் அறிஞர்களுக்குச் சந்தேகம். குளத்து அனுபவம் மட்டும் அசல்.

இருபது சினைக் கெண்டை, நான்கு ஆண் கெண்டை, ஒவ்வொன்றும் இரண்டேகால் அடி நீளம். வசந்தம் தொடங்கும் இரண்டாம் மாதத்தில், சத்தமில்லாமல் நீரில் விட வேண்டும். குளத்தின் நடுவே ஒன்பது திட்டு, எட்டுப் பள்ளம். ஓரிடத்தில் நீர் ஒன்றரை அடி, பள்ளத்தில் நாலரை அடி. திட்டைச் சுற்றும் மீன் ஆற்றில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும் என்கிறார். கெண்டை ஒன்றையொன்று தின்னாது, சீக்கிரம் வளரும் என்பதால் அதைத் தேர்ந்தாராம். இதில் பாதிதான் சரி. பெரிய கெண்டை தன் முட்டையையும் பொடிக் குஞ்சையும் விழுங்கும். அவர் சொல்லும் விளைச்சல் எண்களையும் நம்ப வேண்டாம், ஒரே வருடத்தில் இரண்டேகால் அடி மீன் ஆயிரக்கணக்கில் வராது.

நம்ப வேண்டிய வரி ஒன்று உண்டு. இரண்டாம் ஆண்டு முடிவில் ஒன்றரை அடி மீன் இரண்டாயிரத்தை விதைக்கு வைத்துக்கொண்டு, மிச்சம் அத்தனையையும் பிடித்து விற்றுவிடச் சொல்கிறார்.

கொல்லைக் குளத்தில் குஞ்சு கண்டவர் செய்ய வேண்டியதும் இதுதான், குளிர் வரும் முன்பே. குளத்தின் கொள்ளளவுக்கு ஏற்ப, முதுகு நேராக, துறுதுறுவென்று ஓடும் குஞ்சுகளாகச் சிலவற்றை மட்டும் நிறுத்துங்கள். மற்றவற்றைக் கேட்பவர்களுக்கும் அலங்கார மீன் கடைக்கும் கொடுத்துவிடலாம். ஆற்றிலோ ஏரியிலோ மட்டும் விடக் கூடாது. சேற்றைக் கிளறி நீர்ச்செடியைப் பிடுங்கும் மீன் இது. ஆஸ்திரேலியாவில் மர்ரே, டார்லிங் ஆறுகள் படும் பாட்டைக் கேட்டால் தெரியும்.

நிறுத்தியவற்றில் ஓர் அங்குலம்கூட இல்லாத பொடிகளுக்கு உடம்பில் கொழுப்பு இருக்காது. குளிர் முழுக்கப் பட்டினி தாங்காது. அவற்றைக் காற்றுக்குழாய் வைத்த தொட்டியில் வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றலாம். பெரியவை ஆழமான பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். 4 டிகிரி நீர்தான் கனமானது, அடியில் தங்கும், அதனால் மேலே உறைந்தாலும் அடி உறையாது. நீர் 10 டிகிரிக்குக் கீழே போனதும் தீவனத்தை நிறுத்துங்கள். தின்னாத தீவனம் அழுகி, இருக்கிற பிராணவாயுவையும் குடித்துவிடும். பனிக்கட்டியைச் சம்மட்டியால் உடைத்தால் அதிர்ச்சியில் மீன் துவண்டுபோகும். வெந்நீர்ப் பாத்திரத்தை மேலே வைத்து உருக்கி ஒரு துளை மட்டும் திறந்து வையுங்கள். எத்தனை பிழைத்தது என்பதை மார்ச்சில் பனி உருகிய பிறகு எண்ணிக்கொள்ளலாம்.