கிண்ணத்தின் பெயர்

பிரெஞ்சு பகிரங்க டெனிஸ் போட்டியில் பெண்கள் ஒற்றையர் பிரிவில் வெல்பவருக்குக் கொடுக்கப்படும் கிண்ணத்துக்கு சுசான் லெங்லென் என்று பெயர். வாப்பாவோடு இறுதியாட்டம் பார்த்தபோது அது யாரென்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. தேடி வாசித்தேன்.

சுசான் 1899இல் பரிஸில் பிறந்தவர். சிறுவயதில் நோஞ்சான். உடம்பு தேறட்டும் என்றுதான் தந்தை கையில் மட்டையைக் கொடுத்தார். பின்பு அவரே பயிற்றுநருமானார். மைதானத்தில் கைக்குட்டையை விரித்து, பந்தை அதன்மேல் விழச் செய்யப் பழக்கினாராம்.

1919இல் முதன்முறையாக விம்பிள்டன் சென்றார். இறுதியாட்டத்தில் எதிரே நின்றவர் அங்கு ஏழு முறை வென்ற டொரதியா லம்பர்ட் சேம்பர்ஸ். அவருக்கு வயது 40, சுசானுக்கு 20. இரண்டு தடவை ஒரே புள்ளியில் தோற்றுவிடும் நிலைக்குப் போய், அதிலிருந்து மீண்டு 10-8, 4-6, 9-7 என்று வென்றார். அதையும் சேர்த்து விம்பிள்டனில் ஆறு ஒற்றையர் பட்டங்கள் அவருக்கு.

1926 பெப்ரவரியில், கான் நகரில் அவர் ஹெலன் வில்ஸை வென்ற ஆட்டத்தைப் பார்க்க மரங்களிலும் கூரைகளிலும்கூட ஆட்கள் ஏறியிருந்தார்கள். ஆடிய இருவருக்கும் பரிசுப் பணம் கிடையாது. விளையாட்டுக்குப் பணம் வாங்குவது இழுக்கு என்பது அன்றைய டெனிஸ் சங்கங்களின் எண்ணம். வாங்கினால் பெரிய போட்டிகளில் இடமில்லை. வசதியுள்ள வீட்டாருக்கு இந்த விதி வலிக்காது. மற்றவர்கள் எப்படி ஆடுவது?

அதே ஆண்டு விம்பிள்டனில் ஆட்ட நேரம் பற்றி ஒரு குழப்பம். அரசி மேரி காத்திருக்க, சுசான் தாமதமாக வந்தார். நேரம் மாறியது தனக்குச் சரியாகத் தெரியவில்லை என்பது அவர் பக்க நியாயம். எனக்கென்றால் இரு பக்கமும் பிழை இருந்ததாகவே படுகிறது. இடையில் விலகிய அவர் அங்கு மறுபடி ஆடவில்லை. சில வாரங்களில் 50,000 டொலருக்கு அமெரிக்கச் சுற்றுப்பயணம் ஒன்றுக்கு ஒப்புக்கொண்டு தொழில்முறை வீராங்கனையானார். மேரி பிரவுணோடு ஊர் ஊராக 38 ஆட்டங்கள். ஒன்றிலும் தோற்கவில்லை. ஆனால் பழைய போட்டிகளின் கதவுகள் அடைபட்டன.

பின்னர் பரிஸில் டெனிஸ் பள்ளி நடத்தினார். 1938இல் இரத்த நோயால் இறந்தபோது வயது 39. தொழில்முறை ஆட்டக்காரரை விம்பிள்டன் சேர்த்துக்கொண்டது 1968இல்.

நான் கல்லூரி வலைப்பந்து அணியில் ஆடுகிறேன். பந்து அடித்து யார் சோறு தின்றார்கள் என்று உம்மா கேட்பார். இதை எழுதி முடித்ததும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அந்த 50,000 டொலர் நம் காசுக்கு எவ்வளவு வரும் என்று மட்டும் கேட்டார்.